கல்யாணக் காரின் கேம்ஷாஃப்ட்

என் தாய்மாமா கோயம்புத்தூரில் ரேஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டும் பட்டறை ஒன்றில் இருந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. மலையேறி எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் எல்லாம் தெரிந்தவராகிவிடுவார்.

அப்பா ஏலத்தோட்ட வேலையை விட்டு, கணக்கு முடித்து வந்த பணத்தில் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தார். பழைய காரில் பெண் அழைத்து வருவது அப்போது எங்கள் பூப்பாறைப் பக்கம் புது மோகம். அந்த வாடகையில் பிழைத்தால் மலையில் இருக்கலாம். இல்லாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் கதி.

எஞ்சினைப் பிரித்தபோது, வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. பழையதிலேயே தேய்ந்த இடங்களைப் பற்றவைத்து நிரப்பி, சாணை பிடித்துப் போடலாம் என்றார் போடி மெக்கானிக். மாமாவோ வேறொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வால்வை அதிக உயரம் தூக்கி, அதிக நேரம் திறந்து வைக்கும் ரேஸ் சாமான்.

“மச்சான், இதப் போட்டுப் பாருங்க. வண்டி பறக்கும்.”

“பறந்து எங்கடா போகணும்? மேட்டுல ஏறுனாப் பத்தாதா?” என்றாள் அம்மா. பெண்கள் எஞ்சினைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் காது கேட்காது.

அப்பா இரண்டு தண்டுகளையும் பாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று கறுத்துக் கிடந்தது, மற்றது பளபளத்தது. ஆசை யாரை விட்டது?

போடிக்குக் கீழே தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நேர் ரோடு, காலி வண்டி. கார் உறுமிக்கொண்டு பறந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த ரேஸ் தண்டில் இழுவை கிடையாது என்பதையும், பாரத்தோடு மலையில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு அந்த இழுவைதான் உயிர் என்பதையும் மாமாவும் சொல்லவில்லை, மெக்கானிக்கும் சொல்லவில்லை.

முதல் வாடகை, போடியிலிருந்து எங்கள் சர்ச்சுக்கு மணப்பெண்ணை ஏற்றிவருவது. சர்ச்சில் மணப்பெண்ணுக்கு முன்னால் பூப்போட்டு நடக்கும் பிள்ளையாக நான் முன் சீட்டில். பின்னால் மணப்பெண், அவள் அம்மா, இரண்டு அத்தைமார். டிக்கி நிறையப் பெட்டிகள். போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அப்பா நிறுத்தினார். அவ்வளவுதான். மறுபடி எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் கத்தும், கிளட்சை விட்டதும் செத்துப்போகும். கிளட்ச் தீய்ந்த நாற்றம் காருக்குள் ஏறியது.

“ஆண்டவரே, நல்ல காரியத்துக்குக் கெளம்புன வண்டி பாதி மேட்டுல நிக்குதே!” என்று மணப்பெண்ணின் அம்மா அழுதாள்.

கடைசியில் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்றில், கூலிக்குப் போகும் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுக்க, மணப்பெண் ஏறிப்போனாள். கர்த்தருக்குச் சகுனம் கிடையாது என்று பாஸ்டர் பிரசங்கம் செய்வார். சம்பந்திகளுக்கு உண்டு. அந்தப் பெண் இன்றுவரை குறையில்லாமல் வாழ்கிறாள். அது யார் கணக்கிலும் வரவில்லை. நடுமேட்டில் பெண்ணை இறக்கிவிட்ட கார் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. வாடகை பேசிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கார் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா பழைய தண்டையே சாணை பிடித்துப் போட்டார். அதன்பிறகு எந்த வளைவில் நிறுத்தினாலும் கார் முனகாமல் கிளம்பியது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. மாமா ஃபோனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிய பிறகும் அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி ஞாயிறுகளில் எங்களைக் கல்யாணத்துக்குப் போகிறவர்களைப்போல உடுத்தச் சொல்வார். ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் எழுவதற்குள் எங்களை வெளியே இழுத்துவந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் காரில் அடைப்பார். கூட்டம் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து, சர்ச் மேட்டில் பாதி ஏறி நிறுத்துவார். பிறகு எடுத்து மேலே ஏறுவார். இறங்கி வந்து மறுபடியும் நிறுத்துவார், மறுபடியும் ஏறுவார். எங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அப்பா ஊரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் நான் கையசைத்தேன்.