கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அந்த டப்பாவை என் கடைக்குக் கொண்டுவந்தது நர்சம்மா. சின்னமனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோகிறவர். செல்போன் இன்னும் எங்கள் தெருவை எட்டாத காலம். பட்டாணி பாட்டிலுக்கும் ஷாம்பு சரத்துக்கும் நடுவில் டப்பாவை வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரிக்கு டி.பி. வந்திருக்கிறது, அவளுக்கான மாத்திரை மொத்தமும் இதில் இருக்கிறது, திங்கள் புதன் வெள்ளி உன் கண்ணெதிரே அவள் விழுங்க வேண்டும் என்றார். சுகாதார நிலையம் திறப்பதற்குள் அவள் களையெடுக்கப் போய்விடுவாள். விடிகிறபோதே திறந்திருப்பது என் பெட்டிக்கடைதான். வீட்டில் கொடுத்தனுப்பினால் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பிறகு வருகிற இருமலுக்கு அதே மருந்து கேட்காது என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். சீக்கு மருந்தைக் கடையில் வைத்தால் எவன் மிட்டாய் வாங்குவான் என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பீடிக்கட்டு விற்கும்போது சீக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் டப்பாவைக் கல்லுப்பு மூட்டைக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். ஊர்க்கண்ணுக்குப் பயந்துதான்.

முதல் நாள் நர்சம்மா என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளிடம் சொன்னார். இதில் ஒரு சிவப்பு மாத்திரை இருக்கிறது, அதை விழுங்கினால் சிறுநீர் ரத்தம் மாதிரிச் சிவந்து போகும், பயப்படாதே, அது மருந்தோட நிறம். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மெலிந்த உடம்பு, இரண்டு பெண்பிள்ளைகள், எந்நேரமும் வெற்றிலை புகையிலை. வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டே அரை நாள் பேசுவாள், ஒரு சொட்டு வெளியே வராது. மாத்திரைக்கு வரும்போதாவது துப்பிவிட்டு வா என்றால், அது இல்லாவிட்டால் குமட்டுகிறது அக்கா என்பாள். ஆட்கள் நிற்கும்போது பாக்குப் பொட்டலம் கேட்பாள். நான் பொட்டலத்துக்குள் மாத்திரைகளை வைத்துக் கொடுப்பேன். ஒரே வாயாகப் போட்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

இரண்டு மாதத்தில் கொஞ்சம் தேறினாள். அப்புறம் திரும்பவும் இளைத்தாள். வெயிலில் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் அவள் புருஷன் வந்தார். வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிற கூலியாட்கள் செட்டில் இருந்தவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் தாயி என்றுதான் கூப்பிடுவார். கடையில் ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு, பார்லி அரிசி இருக்கிறதா என்று கேட்டார். தனக்குச் சூடு பிடித்துவிட்டதாம். நீர் ரத்தமாகப் போகிறதாம். எப்போதும் இல்லையாம், ஒரு நாள் போகுமாம், ஒரு நாள் நன்றாக இருக்குமாம். சொல்லி முடிப்பதற்குள் இருமினார். பீடி இருமல் என்று தானாகவே சொன்னார்.

பார்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நர்சம்மா சொன்ன சிவப்பு மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது எனக்கு.

மறுநாள் விடியற்காலை அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து நகர்ந்தாள். முந்தானையைப் பிடித்து நிறுத்தி, வாயைத் திற என்றேன். முறைத்தாள். பிறகு திறந்தாள். புகையிலை ஒதுக்குகிற இடத்தில் எல்லாம் இருந்தது. சிவப்பு மாத்திரை ஊறிக் குழைந்திருந்தது. வெற்றிலை வாயில் அந்தச் சிவப்பு யாருக்குத் தெரியும்? முந்தானை முடிச்சிலும் அதே கறை. நானும் அதைத் தினம் பார்த்துவிட்டு வெற்றிலைக் கறை என்று இருந்திருக்கிறேன்.

ஒரு நாள் அவள் விழுங்குவாளாம், ஒரு நாள் ஒதுக்கிக் கொண்டுபோய்ப் புருஷன் குடிக்கிற கம்மங்கஞ்சியில் பொடித்துக் கரைத்துவிடுவாளாம். அவருக்குத் தெரியாது. சளியைச் சோதிக்க வரச்சொன்னதற்கு அவளை அடிக்கவே வந்தாராம். செட்டில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குடம், ஒரே சோற்றுச் சட்டி. டி.பி. என்று தெரிந்தால் அன்றைக்கே அவரை வேலையிலிருந்து கழித்துவிடுவார்கள்.

"அதுக்காக நீ சாகப் போறியா?" என்றேன்.

"சோத்தைப் பங்கு வச்சுத்தானேக்கா திங்கிறோம். அவுக இருமிக்கிட்டுக் கெடக்கையில இத மட்டும் நான் ஒருத்தியா எப்படி முழுங்குவேன்?"

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பாதி மருந்து ரெண்டு பேரையும் கொல்லும்டி என்று கத்தினேன். அவள் மாத்திரைகளை என் எதிரே விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாதே அக்கா என்று என் கையைப் பிடித்தாள்.

அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. நர்சம்மா அந்த வீட்டு வாசலில் நின்று தன்மையாகத்தான் பேசினார். மனுஷன் காது கொடுத்தால்தானே. எனக்கு எந்தச் சீக்கும் இல்லை, கடைக்காரி கிளப்பிவிடுகிறாள் என்று தெருவில் நின்று கத்தினார். கத்தும்போதே இருமல் வந்து குனிந்து உட்கார்ந்துவிட்டார். தெருவே பார்த்தது. செட்டில் மறுநாளே வராதே என்றுவிட்டார்கள். அந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடமலைக்குண்டுக்கு மேலே அவளுடைய தாய் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

டப்பா உப்பு மூட்டைக்குப் பின்னாலேயே கிடந்தது. நர்சம்மா விசாரித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். எங்கோ தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அவளைத் திட்டுவேன். உப்பு வாங்க வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மழைக்காலம் முடிந்து அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வற்றிப்போயிருந்தாள். வாயில் வெற்றிலை இல்லை. தேனி பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஊசியும் மாத்திரையுமாகப் பார்த்தார்கள். பழைய மருந்து இனி அவளுக்குக் கேட்காது என்று டாக்டர் சொன்னதாக மூத்த மகள் வந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தபோது, அவுகளுக்கு இருமல் எப்படி இருக்கு என்று கேட்டாள். இன்னும் அதைத்தான் கேட்கிறாயா என்று அங்கேயே சத்தம் போட்டேன். அடுத்த வாரம் செத்துப்போனாள்.

கருமாதி முடிந்ததும் நர்சம்மா பிள்ளைகள் இரண்டு பேரையும் சோதிக்கக் கூட்டிப்போனார். அவள் புருஷனும் மறுக்காமல் கூடப் போனார். இருவருக்கும் ஒன்றும் இல்லை. புருஷனுக்கு இருந்தது. மருந்தும் கேட்கும் என்றார்கள். அவர் பேரில் ஒரு டப்பா என் கடைக்கு வந்தது. இந்தத் தடவை அதை மறைக்கவில்லை, பட்டாணி பாட்டில் பக்கத்திலேயே வைத்தேன். அவர் விடியற்காலையில் ஆட்களோடு ஆளாக வந்து நிற்பார். மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் கேட்காமலேயே வாயைப் பெரிதாகத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தீரவில்லை. பார்த்தேன் பார்த்தேன் என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஒரு நாள் அந்தச் சிவப்பு மாத்திரை அவர் விரலில் பிசுபிசுத்து உடைந்துவிட்டது. கீழே போகாமல் அந்தத் தூளை நாக்கால் நக்கினார். நக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் கோணியது. கசக்கும்தான், தண்ணீரைக் குடியுங்கள் என்று செம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

"இந்தக் கசப்பு எனக்குத் தெரியும் தாயி. கஞ்சி கசக்குதுன்னு கும்பாவோட தூக்கி எறிவேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. கூட்டி அள்ளிட்டு வேற ஊத்துவா."

எத்தனை தடவை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. செம்பை நீட்டிக்கொண்டே நின்றேன். வாங்கிக் குடித்தார். அப்புறம் வாயைத் திறந்து காட்டினார்.