படலைக்கு வெளியே நின்று பார்த்த சில்லு

போன சனிக்கிழமை காலை சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிப் போனதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்ததும் காதில் விழுந்தது. சிரிக்கட்டும்... அதற்காக இதை எழுதவில்லை.

தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு இங்கிலீஷ் துரை விற்றுவிட்டுப் போன வண்டி அது. பின்சில்லை ஓட்டுவது ஒரு பெல்ட். எஞ்சினிலிருந்து பின்சில்லுக்கு ஓடுகிற தோல்வார், அவ்வளவுதான். இளகினால் வழுக்கும். இறுகினால் அறும். சில்லு ஒரு நூல் அளவு கோணலாக நின்றாலும் கழன்று றோட்டில் விழும். சனிக்கிழமை விழுந்தது.

சரி, நானே சில்லை நேராக்கலாம்தானே? செய்து பார்த்திருக்கிறேன். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் பக்கத்தால் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கவேண்டும். இரண்டு ரயரிலும் அது ஒரே மாதிரித் தொட்டால் சில்லு நேர். எனக்கு எப்போதும் நேராகத்தான் தெரியும். அரை மைலில் பெல்ட் கழன்றுவிடும்!

கோணல் தெரிகிற கண் எங்கள் ஊரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. வேலன். தோல் வேலை செய்பவர். துரையின் பழைய பெல்ட் அறுந்தபோது புதிதாக வெட்டித் தந்தவரும் அவரே. (இங்கே 'அவர்' என்று எழுத முடிகிறது. படலையடியில் நிற்கும்போது வாயில் 'நீ' தவிர வேறொன்றும் வருவதில்லை; அவர் வாயில் நான் 'நயினார்'.)

ஏன் படலையடி? வேலனின் ஆட்கள் படலைக் கதவைத் தாண்டி எங்கள் வளவுக்குள் வருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் வண்டி உள்ளே, வீட்டு வாசல் சீமெந்தில் நிற்கும். நான் ஸ்பனரோடு குந்தியிருப்பேன். அவர் படலைக்கு வெளியே, பின்சில்லுக்கு நேரே நின்று, இடக்கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பார்ப்பார்.

"வலப்பக்கத்தை ஒரு நூல் பின்னுக்கு விடுங்கோ, நயினார். ஆ... காணும். இனி வாரை நடுவிலை பெருவிரலாலை அமத்திப் பாருங்கோ. எவ்வளவு கீழை போகுது?"

"அரை அங்குலம்."

"அது போதும். இன்னும் இறுக்காதேங்கோ."

வண்டியை ஒழுங்கைக்கு உருட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். ஒழுங்கை மணலில் ஸ்டாண்ட் புதையும் என்று நான் சொல்லுவேன். பொய். அவர் பக்கத்தில் நான் முழங்காலில் நிற்பதை நாலு பேர் பார்ப்பார்கள். அதுதான் காரணம்.

வேடிக்கை என்ன தெரியுமா? அவர் வெட்டித் தைத்த வார் என் வளவுக்குள் வரலாம். நாள் முழுக்க என் வேட்டியில் உரசலாம். அதைத் தைத்த மனுஷன் மட்டும் படலையோடு நிற்கவேண்டும். இதை இத்தனை வருஷமாக நான் வேடிக்கை என்று நினைத்ததில்லை. பங்குனி மாதம் ஒரு காலை வந்து நினைக்க வைத்தது.

அன்று படலையடியில் அழுகைச் சத்தம். போய்ப் பார்த்தால், வேலனின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோலில் மயிர் போக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்கள். தோலைத் தூக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் அவர் இடக்கண்ணில் அடித்துவிட்டது. குடம் குடமாய்க் கழுவியும் எரிவு அடங்கவில்லை. கண் ஒரேயடியாகச் சிவந்து வீங்கி மூடியிருந்தது.

"நயினார், பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு என்னைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போவியளே? கண் போகப் போகுது..."

ஆறேழு மைல். வண்டியில் அரை மணித்தியாலம் பிடிக்காது. வண்டியும் முந்தநாள்தான் அவரே பார்த்துச் சொல்லிச் சரிசெய்தது.

நான் என்ன நினைத்தேன்? கண்ணையா? இல்லை. மானிப்பாய் றோட்டை நினைத்தேன். கோயிலடியை நினைத்தேன். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து வாசலை நினைத்தேன். என் முதுகைப் பிடித்துக்கொண்டு வேலன் இருப்பதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணினேன்.

"பெல்ட் சரியில்லை, வேலா. இளகிப் போச்சு."

அவர் நல்ல கண்ணால் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். வண்டி அங்கேதான் நின்றது. பின்சில்லு நேராக, வார் தொய்யாமல். அது அவருக்குத் தெரியாதா?

பிறகு சொன்னார்: "ஓம், நயினார். மழைக்குத் தோல் இளகும்தானே."

மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. நான் பொய்யனாக நிற்கக் கூடாது என்று, எரிகிற கண்ணோடு, எனக்கொரு சாட்டுத் தேடித் தந்துவிட்டு நடந்தார். மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஒரு கலியாண வீட்டுக்கு அதே வண்டியில் போனேன். பெல்ட் ஒரு தரமேனும் வழுக்கவில்லை. சோறு மட்டும் தொண்டையில் இறங்க மறுத்தது... இறங்கிற்று, பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

பத்து நாளுக்குப் பிறகு ஒழுங்கையில் கண்டு, "டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"பிந்திப் போச்சாம், நயினார்."

அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நானும் இரண்டு வார்த்தை திருப்பி ஏசிவிட்டு மறந்திருப்பேன். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதானே வழக்கம்?

இப்போது போன சனிக்கிழமைக்கு வருவோம். வண்டியைத் தள்ளி வீடு கொண்டுவந்து சேர்த்தேன். யாரைக் கூப்பிடுவது? வெட்கமில்லாமல் வேலனுக்குத்தான் ஆள் அனுப்பினேன். வந்தார். படலைக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றார். நான் நூலைப் பிடித்துக்கொண்டு சீமெந்தில் குந்தினேன்.

"என்ன வேலா, நேராய் நிக்குதே?"

அவர் கையை இடக்கண் பக்கம் கொண்டு போனார். பழக்கதோஷம். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"முந்தியெண்டால் ஒரு கண்ணை மூடவேணும், நயினார். இப்ப அந்தக் கரைச்சல் இல்லை." சொல்லிவிட்டு ஒருதரம் சில்லைப் பார்த்தார். "கோணல். இடப்பக்கம் ஒரு நூல் பின்னுக்கு விட்டு நட்டை இறுக்குங்கோ."

படலைக்கும் எனக்கும் நடுவில் பத்து அடி. எழுந்து போய், படலைக் கொளுவியைக் கழற்றி, "உள்ளுக்கு வா" என்று சொன்னேனா?

நட்டை இறுக்கினேன்.