பாகீரதி சாகவிடாத ராணி

பாகீரதியைப் பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. பால்காரன் தவறிப்போய் அரைப்படி கூடுதலாக ஊற்றிவிட்டால், தெருக்கோடி வரை ஓடிப்போய் அவனைக் கூப்பிட்டுச் சொல்கிற ரகம் அவள். ஆனால் ஏழு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல், பாலிகஞ்ச் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெண்களை உட்காரவைத்து அவள் சொல்லிவந்த கதை இருக்கிறதே, அதில் முக்கால்வாசி சுத்தப் புளுகு. 1921-ஆம் வருஷம் தை பிறந்த கையோடு, அதைக் காட்டிக்கொடுக்க ஒரு பயாஸ்கோப் படம் வந்து சேர்ந்தது.

புளுக வேண்டும் என்று அவள் ஆரம்பிக்கவில்லை. பதினாறு வயதில் கல்கத்தாவுக்கு வந்தவள். கணவர் வைத்தீஸ்வரன் ஒன்பது மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளைவ் தெருக் கம்பெனிக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை அவளோடு பேசுவது குழாய்த் தண்ணீர் ஒன்றுதான். நம்மவர் வீட்டு விசேஷங்களுக்குப் போனாலும் மூலையில்தான் உட்காருவாள். பாட்டு வராது. அவள் இட்ட அப்பளம் பொரிக்கும்போதே நாலாக உடையும். வம்பு பேசவாவது தெரியுமா என்றால் அதுவும் கிடையாது. அப்படிப்பட்டவளை யார் சீந்துவார்கள்?

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை, எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி இவளும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். பௌதி பொழுதுபோகாமல் இவளுக்கு வங்காளி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த சமயம், ஒரு மாதப் பத்திரிகையில் ‘மேகத்தோணி’ என்று தொடர்கதை ஆரம்பித்தது. ஹேமப்ரபை என்று ஒரு ராணி. மேகத்தில் மிதக்கிற ஒரு தோணி. அவளைத் துரத்துகிற ஒரு மந்திரவாதி. கல்கத்தா முழுக்க அதே பேச்சாக இருந்தது. ஒருநாள் மஞ்சள் குங்குமத்துக்கு வந்த இரண்டு பேரிடம் முதல் மாதக் கதையைப் பாகீரதி சொன்னாள். அடுத்த புதன்கிழமை நாலு பேர் வந்து நின்றார்கள். மேலே என்ன ஆச்சு என்றார்கள். தன் வாயிலிருந்து வருவதைக் கேட்க ஒருத்தர் நடந்து வருவது அவளுக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அன்று சாதம் இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

இங்கேதான் சிக்கல். பத்திரிகை மாதத்துக்கு ஒன்று. புதன்கிழமை மாதத்துக்கு நாலு.

இருந்த கதையை முதலில் இழுத்துப் பார்த்தாள். ராணியின் நகைகளை வர்ணிப்பதிலேயே ஒரு புதன்கிழமையை ஓட்டினாள். மூக்கில் எட்டுக்கல் பேசரி, அரக்குப் பட்டில் மடிசார். அடுத்த புதனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொல்லையில் குழாயடியில் செப்பு அண்டா கண்ணில் பட்டது. “அப்போ அந்த அண்டாவுக்குள்ளேர்ந்து ஒரு பூதம் எழுந்துண்டு வந்தது” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்டா பூதம் பிறந்த கதை இதுதான். அதற்குக் கடுகெண்ணெய் வாசனை பட்டால் தும்மல் வந்து பலம் போய்விடும். மந்திரவாதி அரண்மனையில் எல்லாமே கடுகெண்ணெய். ராணி ஒரு கிண்டி நல்லெண்ணெயை மடியில் கட்டிக்கொண்டு போய்த்தான் அங்கே சிக்கிக்கொண்ட பூதத்தை மீட்டாள். கல்கத்தா வந்த நாளாகக் கடுகெண்ணெயில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்கிற அந்தப் பெண்களுக்கு இது எப்படி இனித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து மீனாக்ஷி மாமி வர ஆரம்பித்தாள். ரயிலேறி ஹவுரா வந்து, பாலம் தாண்டி, டிராம் பிடித்து, மீதி தூரம் நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போதே “பூதம் எங்கே இருக்குடி இப்போ?” என்பாள். ஐம்பது வயது. அவள் வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாதது ஒன்று உண்டு.

1915-இல் ஒரு மாதம் பத்திரிகை வந்தது. பாகீரதி பிரித்துப் படித்தாள். ராணி செத்துப்போயிருந்தாள். விஷ அம்பு பட்டு, சந்தனக் கட்டையில் சிதை அடுக்கி, பக்கம் பக்கமாக அழுகை. பௌதி வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. பாகீரதியும் அழுதாள். ஆனால் மறுநாள் புதன்கிழமை. சாவித்ரி வருவாள். இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே பறிகொடுத்துவிட்டு, மூன்றாவது தடவையாக ஏழாம் மாதத்தில் இருக்கிற பெண். போன வாரம்கூட, “ராணிக்கு ஒண்ணும் ஆகாதோல்லியோ அக்கா?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அம்பை அண்டா பூதம் வாயால் கவ்விப் பிடித்துவிட்டது என்று பாகீரதி சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

புரட்டாசியில் சாவித்ரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். பேர் வைக்கிற அன்று சாவித்ரி குழந்தையின் காதில் சொன்ன பேர் ஹேமப்ரபை. “எத்தனை ஆபத்து வந்தாலும் பிழைச்சுண்டு வராளே அக்கா, அதான்” என்றாள். அது செத்த ராணியின் பேர் என்று சொல்லப் பாகீரதிக்கு மனம் வரவில்லை. வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைக் கதை அந்த வருஷக் கடைசியிலேயே முடிந்துபோயிற்று. பாகீரதி தன் கதையை எப்படி முடிப்பாள்? ராணி செத்துப்போன விஷயம் தெரிந்த ஒரே தமிழச்சி அவள்தான். அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஐந்து வருஷம் ஓட்டினாள்.

இப்போது வைத்தீஸ்வரன் டிராமில் கிடைத்த ஒரு நோட்டீஸை மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். லட்ச ரூபாய் செலவில் மேகத்தோணி. நூறு குதிரை. நிஜ யானை. ஆகாயத்தில் பறக்கும் தோணியைக் கண்ணால் காணலாம்.

“உன் கதைதானேடி இது? சனிக்கிழமை மத்தியானம் லேடீஸுக்குத் தனி இடமாம். உங்க செட்டுக்கு மொத்தமா டிக்கெட் வாங்கிட்டேன்” என்றார் மனுஷர், பெருமையாக.

அந்தப் புதன்கிழமை கதையே நடக்கவில்லை. பயாஸ்கோப்புப் பேச்சுத்தான். பேசரி சின்னதாகத் தெரியுமா, பெரிசாகத் தெரியுமா? பூதத்தை எப்படி அண்டாவுக்குள் அடைத்திருப்பான்? லட்ச ரூபாய்க்காரன், நிஜ பூதத்தையே பிடித்திருப்பான் என்றாள் ஒருத்தி. ராணியாக நடிக்கிறவள் மடிசார் சரியாகக் கட்டியிருக்காவிட்டால் தன்னால் தாங்கமுடியாது என்று மீனாக்ஷி மாமி முன்கூட்டியே அறிவித்துவிட்டாள்.

பாகீரதி தன்னாலானதைச் செய்தாள். இருட்டில் கண் கெட்டுப்போகும் என்றாள். கொட்டகை தீப்பிடிக்கும் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் சாவித்ரியைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ வேண்டாமே, குழந்தை பயந்துக்கும்” என்றாள்.

“தன் பேர்க்காரியை இவ பார்க்க வேண்டாமா அக்கா? வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கவே மாட்டா” என்று சிரித்தாள் சாவித்ரி. ஐந்து வயது ஹேமா அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையாட்டிற்று.

சனிக்கிழமை இரண்டு மூடு வண்டிகளில் போய் இறங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டியிருந்தது. வங்காளிப் பெண்கள் முன்னாலேயே வந்து, அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பௌதியும் இருந்தாள். விளக்கு அணைந்தது. ஹார்மோனியம் ஆரம்பித்தது. ஊமைப்படம், நடுநடுவே வங்காளியிலும் இங்கிலீஷிலும் எழுத்து வரும். அதைப் படித்துத் தமிழில் சொல்வது பாகீரதியின் பொறுப்பு.

தோணி பறந்தது. கட்டி இழுக்கிற கயிறும் கூடவே பறந்தது. ராணி வந்தாள்.

“பேசரி எங்கேடி?” என்றாள் மீனாக்ஷி மாமி.

“கழட்டி வெச்சிருக்கா மாமி. யாத்திரையோல்லியோ.”

“மடிசாரையுமா கழட்டி வெச்சுட்டா?”

பாகீரதி குதிரையைக் காட்டினாள். குதிரைகள் ஓடின. எண்ணிப் பார்த்ததில் எட்டுக் குதிரைதான் சுற்றிச் சுற்றி வந்தது. அரண்மனைச் சமையலறை வரும்போதெல்லாம் இவர்கள் அண்டாவைத் தேடினார்கள். ஒரு சொம்புகூட இல்லை. இவர்கள் முணுமுணுப்பு பொறுக்காமல் முன்வரிசை வங்காளிப் பெண்கள் திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

அப்புறம் அந்த அம்பு வந்தது. பன்னிரண்டு தமிழ்ப் பெண்களும் பூதத்துக்காகக் காத்திருந்தார்கள். பூதம் வரவில்லை. ராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். திரையில் எழுத்து வந்தது. ராணி இனி இல்லை என்று போட்டிருந்தது.

“என்ன போட்டிருக்கு?”

“மயக்கம்னு போட்டிருக்கு.”

அடுத்தாற்போல் சிதை அடுக்கினார்கள்.

“மயக்கம் போட்டவளுக்கு எதுக்குடி கட்டை அடுக்கறான்?”

“அது ஹோமம் மாமி. மயக்கம் தெளிய.”

“ஹோமத்து மேலே ராணி ஏன் படுத்துண்டிருக்கா?”

முன்வரிசை மொத்தமும் விம்மி விம்மி அழுதது. பௌதிக்குத் தோள் குலுங்கியது. அழுகைக்கு நடுவிலும், கதையில் எட்டுப் பக்கம் வந்த சிதையை இவன் இரண்டு நிமிஷத்தில் எரித்துவிட்டானே என்று அவளுக்குக் கோபம். பாகீரதி சாவித்ரியின் பக்கம் திரும்பினாள். சாவித்ரி குழந்தையின் முகத்தைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் என்ன படம் ஓடியது என்று பாகீரதிக்கு நினைவில்லை.

வெளியே வண்டிக்கு நிற்கும்போது மீனாக்ஷி மாமி பாகீரதியைப் பிடித்துக்கொண்டாள். “கதையைக் குட்டிச்சுவராக்கிட்டானே. லட்ச ரூபா செலவழிச்சானாம், ஒரு பூதத்துக்கு வழியில்லை. ராணியைக் கொல்ல இவன் யாரு? இதை விடப்படாது. கம்பெனிக்காரனுக்குக் கடுதாசி போடணும். பாகீரதி, உனக்குத்தான் எழுதத் தெரியும், வங்காளியிலேயே எழுது. நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடறோம்.”

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். எழுதினால் கம்பெனிக்காரன் சிரிப்பான். எழுதாவிட்டால் இவர்கள் விடமாட்டார்கள். ஆனால் பாகீரதி உண்மையைச் சொன்னது அதற்காக இல்லை. சாவித்ரி கூட்டத்தை விட்டு ஒதுங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள் பாருங்கள், அதை அவளால் தாங்க முடியவில்லை.

“படத்து மேலே தப்பில்லை மாமி. புஸ்தகத்துலேயும் ராணி செத்துதான் போறா. பூதம் புஸ்தகத்துலேயே இல்லை. நான்தான் கட்டிவிட்டேன்.”

மீனாக்ஷி மாமி வண்டியை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். “கடுகெண்ணெய்?”

“அதுவும் நான்தான்.”

“ஏழு வருஷம்” என்றாள் மாமி. “ரயிலேறி, டிராம் ஏறி, முழங்கால் வலியோட வந்து, நீ அளந்ததையெல்லாம் வாயைப் பிளந்துண்டு கேட்டிருக்கேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாகீரதி சாவித்ரியிடம் போனாள். “செத்துப்போனவ பேரை உன் குழந்தைக்கு வெக்க விட்டுட்டேண்டி” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. சாவித்ரி முந்தானையைக் குழந்தைக்குப் போர்த்திக்கொண்டு வண்டியேறினாள்.

அடுத்த புதன்கிழமை பாகீரதி பாயை விரிக்கவில்லை. இனி யார் வரப்போகிறார்கள்? மூலையில் உட்கார்ந்திருந்த பழைய நாட்களுக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அந்தக் குழந்தையின் பேர் நெஞ்சை அறுத்தது. இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். சாவித்ரி நின்றிருந்தாள், குழந்தையோடு.

“பேரை மாத்திடலாம்னு ஆத்துல சொல்றா” என்றாள், உட்காராமலே.

“மாத்திடு. நல்ல பேரா வெச்சுடு” என்றாள் பாகீரதி.

“பௌதி ஆத்துக்குப் போய் அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுக்கச் சொன்னேன். ராணி செத்தது எந்த மாசம்னு அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னேன். எனக்கு அப்போ ஏழாம் மாசம்.” சாவித்ரி நிமிர்ந்து பார்த்தாள். “எனக்காகத்தானே அக்கா?”

பாகீரதி ஆமாம் என்று தலையை அசைத்தாள். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

“செத்துப்போனது அவா ராணி. இவளுக்கு வெச்சது நம்ம ராணி பேரு. மாத்த முடியாதுன்னு ஆத்துல சொல்லிட்டேன். ஆனா படம் பார்த்ததுலேர்ந்து இது ராத்திரியெல்லாம் அழறது. ராணி உயிரோட இருக்கான்னு நீங்களே இதுகிட்ட சொல்லிடுங்கோ.”

ஹேமா பாகீரதியின் முகத்தையே பார்த்தது. பாகீரதி மூக்கைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மீனாக்ஷி மாமி. உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், பாயைத் தானே இழுத்து விரித்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கோபம் போகலை எனக்கு, சொல்லிட்டேன்” என்றாள். “அந்தச் சிதையிலேர்ந்து அவளை எப்படி எழுப்பப் போறே? அதைச் சொல்லு முதல்ல.”