எட்டாவது ஓட்டை

வீட்டில் கட்டும் விமானத்தில் என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. உயரம் காட்டுவது, வேகம் காட்டுவது, திசை காட்டுவது, எஞ்சின் எண்ணெயின் அழுத்தமும் சூடும் காட்டுவது, பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது என்று வரிசையாகப் போகும். கடைசி இனம்: 'விமானத்தின் உபயோகத்துக்குத் தேவைப்படும் இதர கருவிகள்.' நான் வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். 'இதர' என்று முடியும் விதியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். மேலே எழுதிக் கேட்டுத் தெளிவு பெற வேண்டும் என்று தோன்றும். அந்த அரிப்பில்தான் என் மச்சானின் விமானத்தை இரண்டரை வருடம் தரையில் உட்கார வைத்தேன்.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். சிதம்பரத்தில் பொறியியல் மாணவர்களுக்குப் பட்டறைப் பாடம் எடுத்தவர். இளவயதில் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். அங்கே ஒரு பயிற்சியாளர் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஒரே ஒரு முறை வானத்தில் வட்டமடித்துக் காட்டினாராம். விமானம் மூக்கைத் தூக்கி, தலைகீழாகி, மறுபடி நேராக வருகிற முழு வட்டம். கல்யாணத்துக்கு வந்த அன்றே என்னிடம் அதைச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னார். 2004-இல் ஓய்வு பெற்ற மறுவாரம், அதைத் தானே ஒருமுறை செய்து பார்த்துவிடுவது என்று வெளிநாட்டிலிருந்து வரைபடங்களை வரவழைத்தார். ஒரே ஆள் உட்காரும், இரட்டைச் சிறகு உள்ள சாகச விமானம்.

கட்டிய இடம் காடாம்புலியூரில் என் தங்கையின் பங்குக்கு வந்த முந்திரித் தோப்பு. முந்திரிக்கொட்டை காயவைக்கிற கொட்டாயைக் காலி செய்து, இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து உடலையும், மரத்தைச் சீவி ஒட்டிச் சிறகுகளையும் செய்தார். நான் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி வாரம் இரண்டு நாள் போவேன். என் வேலை ஃபைல். வாங்கிய ஒவ்வொரு ஆணிக்கும் சான்று, ஒவ்வொரு ஒட்டுக்கும் தேதி, எல்லாம் பக்க எண் போட்டு, நாடா கட்டி வைத்தேன். அந்த மாவட்டத்தில் அவ்வளவு ஒழுங்கான ஃபைல் வேறு இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். அதனால்தான் மாட்டிக்கொண்டோம்.

2007 மத்தியில், விமானியின் முன்னால் கருவிகளைப் பொருத்துகிற அலுமினியப் பலகையை மச்சான் அறுத்துக்கொண்டிருந்தார். ஏழு ஓட்டை போட்டாகிவிட்டது. எட்டாவதுக்கு இடம் இருந்தது.

"ஜி-மீட்டர் வைக்கலியா?" என்றேன். ஃபைலுக்காகப் படித்ததில் தெரிந்துகொண்டிருந்தேன். நாம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் நம் எடை ஒரு பங்கு, அது ஒரு ஜி. விமானம் வட்டத்தின் அடியில் வளைந்து மேலே ஏறும்போது நாம் மூன்று பங்கு, நான்கு பங்கு கனப்போம். சிறகுகளும் அத்தனை பங்கு சுமக்கும். இந்த விமானத்தின் சிறகுக்கு வரைபடத்தில் எழுதியிருந்த எல்லை ஆறு.

"எதுக்கு மச்சான்? சைக்கிள் ஓட்டறப்ப எவ்ளோ சாயறோம்னு மீட்டர் பாத்தா சாயறீங்க? உக்காந்த எடமே சொல்லும்."

"உங்க உக்காந்த எடம் சொல்றத சாட்சியமா பதிவு பண்ண முடியாது."

"விதியில கேக்குதா?"

"இதரன்னு போட்டிருக்கான்."

"அப்ப கேக்கல."

தேநீர் கொண்டுவந்த தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, மூணு நாளா இதே பேச்சு. ரெக்கை ஒடையாம எறங்கி வரணும், அவ்ளோதான் எனக்கு வேணும். நீங்கதான ரூல்ஸ் தெரிஞ்சவரு, எதாவது பண்ணுங்க."

பண்ணினேன். அன்று மாலையே டில்லியில் இருக்கும் விமானத்துறைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம். பொருள், பார்வை, மூன்று பத்தி, கடைசியில் 'தெளிவுரை வழங்கக் கோரப்படுகிறது.' ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை ஃபைலில் கோத்து, பக்கம் 112 என்று எண் போட்டேன்.

மேலிடத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை அந்த விஷயத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆனால் எல்லா அலுவலகத்திலும் இதுதான் நடக்கும். எனக்குத் தெரியாதா? வேண்டாத கோப்பு எத்தனையை இப்படி ஒரு கேள்வி எழுதி நானே நிறுத்தியிருக்கிறேன்! வேண்டிய கோப்புக்கும் அதையே செய்வேன் என்று நினைக்கவில்லை.

அடுத்த வருடம் விமானம் முடிந்தது. சிறகுத் துணிக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்து, தோப்பு நடுவில் எஞ்சினை முதல்முறை முடுக்கிய அன்று, காய்ந்த முந்திரி இலைகள் எல்லாம் எழும்பி எங்கள் மூன்று பேர் தலையிலும் கொட்டின. தங்கை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த தோப்பிலிருந்து ஓடிவந்தவர்கள் வேலி ஓரம் நின்று கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வூதிய ஆணை கையில் வந்த அன்றுகூட அப்படி இல்லை.

பறக்க அனுமதி தருவதற்கு முன் பார்வையிட, அதே துறையின் சென்னை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுக்காரர், தொழில் தெரிந்தவர். ஒவ்வொரு வெல்டிங்கையும் தடவிப் பார்த்தார், ஒட்டுகளைத் தட்டிக் கேட்டார். "நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, ஃபைலைப் புரட்டினார். 112-இல் நின்றார்.

"சார், இது பெண்டிங்ல இருக்குதே?"

"அது சும்மா ஒரு தெளிவுக்காக..." என்றேன்.

"தலைமை ஆபீஸ்ல கேட்டிருக்கீங்க. அவங்க வேணும்னு சொல்லி, நான் வேணாம்னு கையெழுத்து போட்டிருந்தா? பதில் வரட்டும் சார்." பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், இன்னும் கொஞ்சம் தாமதமாக.

நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று அனுப்பினேன். டில்லி அசையவில்லை. மச்சானுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. விமானிகளுக்கான மருத்துவச் சோதனைக்கு அவர் வருடாவருடம் போக வேண்டும். மருத்துவர் இரத்த அழுத்தக் கருவியைக் கழற்றும்போதெல்லாம் "இந்த வருஷம் சரி. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். எந்த அடுத்த வருடம் 'பார்க்க முடியாது' என்று ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. மச்சான் என்னைத் திட்டவில்லை. கொட்டாய்க்கு நான் போகிற நாளில் விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, விமானத்தை ஓட்டும் குச்சியைப் பின்னால் இழுத்துக் காட்டுவார். அதற்குத் திட்டே பரவாயில்லை.

2009 ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தபோது அவர்தான் பேச்சை எடுத்தார். "மச்சான், கடுதாசிய வாபஸ் வாங்குங்க. மீட்டர் வேணாம்னு நானே நிரூபிச்சுக் காட்டறேன்." திருவிழாத் திடலில் கொலம்பஸ் என்று சொல்கிற ஊஞ்சல் கப்பல் வந்திருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடும்போது, அடியில் வரும் கணத்தில் நம்மை அழுத்தும், உச்சியில் மிதக்க விடும். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு எத்தனை ஜி என்று சொல்வார். நான் அளந்து பார்க்க வேண்டும். மூன்று முறை சரியாகச் சொன்னால் கடிதம் வாபஸ். தவறினால் மீட்டர் வாங்கிப் பொருத்துவார்.

"பொருத்திட்டா கேள்விக்கே வேலையில்ல. அப்பவும் கடுதாசி வாபஸ்தான?" என்றாள் தங்கை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு வருடத்தில் இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"இருந்தாலும் சோதனைன்னு ஒண்ணு இருக்குது இல்ல" என்றார் மச்சான்.

அளக்கிற கருவி கடலூர் முதுநகரில் மீன் விற்கிறவர்களிடம் இருக்கும் ஸ்பிரிங் தராசு. கொக்கியில் ஒரு கிலோ படிக்கல்லைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். சும்மா இருக்கையில் முள் ஒரு கிலோ காட்டும். இரண்டு ஜி வந்தால் அதே கல் இரண்டு கிலோ காட்டும். இவ்வளவுதான் ஜி-மீட்டர். மச்சான் கண்ணில் என் மேல்துண்டைக் கட்டி, வழியில் இடித்துக்கொள்ளாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கப்பல் ஓட்டுகிறவர் தராசைப் பார்த்தார்.

"ஐயா, மேல போயி மீன் விக்கப் போறீங்களா?"

"எடை போடப் போறோம்."

"யார?"

"இவர."

கப்பல் ஆட ஆரம்பித்தது. நான்காவது ஆட்டத்தில் வேகம் பிடித்தது. அடியில் வந்தபோது என் கன்னம் தொங்குவது எனக்கே தெரிந்தது. "ஒண்ணரை!" என்று கத்தினார் மச்சான். முள் இரண்டைத் தாண்டியிருந்தது. உச்சியில் கல் கையில் இல்லாதது போல லேசானது. "முக்கா!" முள் கால் கிலோவில் நின்றது. மறுபடி அடி. அவர் "ரெண்டு!" என்றார். முள்ளைப் படிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் கத்திக்கொண்டிருந்தேன். பயத்தில் இல்லை. அறுபத்து நான்கு வயதில், பக்கத்து வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்க்க, "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினேன். இன்னொரு தடவை வந்தது. முள் இரண்டே கால். அவர் சொன்னது ஒண்ணே முக்கால்.

இறங்கியதும் துண்டை அவிழ்த்து, நான் கையில் கிறுக்கிய எண்களைக் காட்டினேன்.

"ஸ்பிரிங் துள்ளியிருக்கும் மச்சான்."

"எல்லா தடவையும் ஒரே பக்கமாவா துள்ளும்? அழுத்தறப்பல்லாம் கம்மியாதான் சொல்றீங்க."

அவர் பட்டறைப் பாடம் எடுத்தவர். தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதன் அர்த்தம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டில் அரை குறைத்துச் சொல்கிற உடம்பு, ஐந்தில் எவ்வளவு குறைத்துச் சொல்லும்? எல்லை ஆறு. என் கையைத் திருப்பி எண்களை இன்னொரு முறை படித்தார். பிறகு தங்கையிடம், "எட்டாவது ஓட்டைய போட்டுடலாம்" என்றார். அவள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டே தலையாட்டினாள்.

வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகள் விடுமுறைக்கு வரும்போது மீட்டரைக் கொண்டுவந்தாள். மூன்று முள். ஒன்று அந்தந்தக் கணத்தைக் காட்டும். மற்ற இரண்டும் அதுவரை தொட்ட மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் அப்படியே நின்றுவிடும். ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் திரும்பி வரும். எனக்கு அதைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. நடந்ததைத் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்கிற ஒரு குமாஸ்தா.

அன்றே டில்லிக்கு எழுதினேன்: 'பார்வையில் கண்ட கடிதம் திரும்பப் பெறப்படுகிறது.' முப்பத்து நான்கு வருடத்தில் நான் அனுப்பிய எந்தக் கடிதத்தையும் திரும்பப் பெற்றதில்லை. கை கூசியது. நகல் ஆய்வாளருக்கு. அவர் வந்து, ஃபைலைத் திறந்து, மீட்டரைத் தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மேற்கே போர்க்காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தை உபயோகிக்க மாவட்ட அனுமதியை நான் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒரு வாரம்தான் என் பாவத்துக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறகுகளைக் கழற்றி விமானத்தை லாரியில் அங்கே கொண்டுபோனோம். முதல் சில நாள் நேராகப் பறந்து, திரும்பி, இறங்கிப் பழகினார். 2010 பிப்ரவரியில் ஒரு காலை, பனி விலகியதும் ஏறினார். நானும் தங்கையும் ஆய்வாளரும் ஓடுதள ஓரம் நின்றோம். சிவப்பும் வெள்ளையுமாக மேலே போய்ப் புள்ளியானார். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் எடுத்தார். எஞ்சின் சத்தம் உயர்ந்தது. தூக்கினார். விமானம் செங்குத்தாக ஏறி, மல்லாந்து, தலைகீழாக ஒரு கணம் தொங்கியது. தங்கை என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். மறுபக்கம் விழுந்து, அடியில் வளைந்து, நேரானது. வட்டம்! முழு வட்டம்! ஆய்வாளர் குதித்தார். நான் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். யார் என்று பார்க்கவில்லை.

இறங்கி வந்து நின்றதும் ஓடிப்போய்ச் சிறகில் கை வைத்தேன்.

"எவ்ளோன்னு நெனச்சீங்க?"

"மூணு" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

எட்டிப் பார்த்தேன். நின்ற முள் நாலைத் தாண்டியிருந்தது.

"மூணுதான் மச்சான், சத்தியமா."

"சாட்சியம் இங்க இருக்குது."

அப்படியே சிரித்துக்கொண்டு, பெல்ட்டை அவிழ்க்காமல், அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பொத்தானை அவர் அழுத்தவே இல்லை. அடுத்து ஏறக்குறைய இரண்டு வருடம் அவ்வப்போது பறந்தார், வட்டமும் அடித்தார். முள் அந்த இடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்.

2011 கடைசியில் 'தானே' புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் எப்படிப் போயின என்று எல்லோருக்கும் தெரியும். கொட்டாய் மேல் பலாமரம் விழுந்து, மழைக்காலத்துக்காக அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்த விமானத்தின் சிறகும் உடலும் நசுங்கிவிட்டன. மறுநாள் கிளைகளை வெட்டி வழிசெய்து உள்ளே போனோம். மச்சான் கைவிளக்கை அடித்து, குனிந்து, பலகையைத் தேடினார். மீட்டரின் கண்ணாடிகூட உடையவில்லை. முள் கடைசி எண்ணில், பத்தில், போய் முட்டி நின்றது.

"மச்சான், இங்க வந்து பாருங்க! பலாமரம் பத்து ஜி!"

ஒரு நிமிடம் நான் அவரையே பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் இடிபாட்டுக்குள் உட்கார்ந்து சிரித்தோம். வெளியே நின்ற தங்கை, எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாள்.

மருத்துவர் இன்னும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் பொங்கல் கழித்து இரண்டாவது விமானம் ஆரம்பமாயிற்று. இந்த முறை முதலில் அறுத்தது கருவிப் பலகை. அதில் முதல் ஓட்டை மீட்டருக்கு. பழைய மீட்டரைச் சோதித்துப் பார்த்ததில் பொத்தானை அழுத்தினால் முள் ஒழுங்காக ஒன்றுக்கு இறங்கியது. ஒருமுறைதான் அழுத்திப் பார்த்தோம். மச்சான் பலகையைக் கையில் பிடித்துக்கொள்ள, நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் தோப்புக்கே வந்து ஒரு நீள உறையைக் கொடுத்தார். பார்வை: என் முதல் கடிதம். பொருள்: ஜி-மீட்டர். 'விதிப்படி கட்டாயமில்லை. கட்டுபவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.'

"என்னவாம்?" என்றார் மச்சான்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்களாம்."

"அதெல்லாம் சரி. மீட்டர கழட்டிடாதீங்க."

முடுக்கி முடித்தேன். பிறகு பேனாவை எடுத்து, உறையின் மூலையில், பழக்க தோஷத்தில், கிடைத்த நாளை எழுதினேன்: 14 மார்ச் 2012.