முகுந்தன் தொடாத காபி

போன ஞாயிறு மன்னார்புரத்திலிருந்து கிளம்பி, ஸ்ரீரங்கத்தில் நண்பர் சம்பத் வீட்டில் டேரா. வைதேகி மாமி கொடுத்த டிகிரி காபியோடு டிவி முன்னால் உட்கார்ந்தோம். ரிமோட் என் கையில்... சும்மா இருப்பேனா?

ஒரு டாக்குமென்டரி ஓடியது. ஒயின் நிபுணர் பரீட்சைக்குத் தயாராகும் இளைஞர்கள். கிளாஸை முகர்ந்தே, எந்த ஊர்த் திராட்சை, எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்ல வேண்டும்!

"பெருமாள் இருக்கற ஆத்துல இதையா ஓய் போடறது?" என்றார் சம்பத்.

"சும்மா பாருங்க சம்பத், குடிக்கவா சொல்றேன்?"

திரையில் ஒரு பெண் பேசினாள். பயிற்சி நாட்களில் காபி கிடையாது. ஊறுகாய் கிடையாது. சென்ட், ஊதுபத்தி வாசனைகூடப் பக்கத்தில் வரக்கூடாது. மூக்கும் நாக்கும் கெட்டுவிடுமாம்.

"நம்ம விரதமெல்லாம் இவங்ககிட்ட தோத்துடும் போலிருக்கே!" என்று சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இவர்கள் மகன் முகுந்தனுக்குத் துபாயில் ஒரு ஹோட்டலில் வேலை. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறான் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். அது இந்தப் பரீட்சைதான் என்று அன்றுதான் சொன்னார் சம்பத்.

சித்திரையில் லீவுக்கு வந்தவன் அம்மா போட்ட காபியைத் தொடவில்லை. கற்பூரம் ஏற்றினால் ரூம் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஆத்துக் காபியும் பெருமாளும் வேண்டாம்னா இங்க எதுக்குடா வந்தேன்னு கத்திட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அந்தப் பேச்சே இங்க கூடாதுன்னு அடக்கிட்டேன்," என்றார் சம்பத்.

லீவு முடியுமுன்பே கிளம்பிவிட்டானாம்.

பிளஸ் டூ பரீட்சை என்றால் டிவியை அணைக்கிறோம். தாயார் சந்நிதியில் அர்ச்சனை செய்கிறோம். நமக்குப் பிடிக்காத பரீட்சை என்றால்? என்றைக்கு என்றுகூடக் கேட்பதில்லை. வருத்தமாக இருந்தது.

மாமி போனோடு வந்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"முகுந்தா, எங்களுக்கு இப்போதான்டா புரிஞ்சுது. அடுத்த லீவுக்கு வா. காபி குடின்னு சொல்லமாட்டேன். கற்பூரம்கூட ஏத்தலை. நீ நிம்மதியாப் படி."



"இல்லம்மா... அங்கேர்ந்து வந்தப்புறம் மனசு ஓடலை. பரீட்சையை விட்டுட்டேன்," என்றான். பிறகு, அம்மாவைச் சமாதானப்படுத்துகிற குரலில்: "இப்போல்லாம் காபி குடிக்கறேம்மா."

பிள்ளை காபி குடிக்கிறான் என்று கேட்டு ஒரு தாய் அழுததை அன்றுதான் பார்த்தேன்.