ஸ்டான்லி அண்ணனின் ஆமாவும் இல்லையும்

ஸ்டான்லி அண்ணன் போய்விட்டார்.

நேற்றுக் காலையில். அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, போன் பண்ணி "சுஜா..." என்றார், அவ்வளவுதான்.

கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீசில் சிஸ்டம் சப்போர்ட் பார்த்தவர். உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... பழவங்காடியில் இருந்து கிளம்பும் ஆபீஸ் வேனில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். பத்து வருஷத்துக்கு மேல் அது அவருடைய இடம்.

வேன் பைபாஸில் ஏறி டிராஃபிக்கில் மாட்டியதும் திரும்பி உட்கார்ந்து ஒரு புதிர் போடுவார். நாம் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அவர் சொல்வது மூன்றே பதில்தான். "ஆமா." "இல்ல." "அது விஷயமில்ல."

ஒருநாள் போட்டது இது. "ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு மத்தவனைக் கண்டாலே ஆகாது. ஆனா வருஷம் ஒருக்கா சேர்ந்து செருப்புக் கடைக்குப் போவானுக. எதுக்கு?"

அண்ணன் தம்பியா? இல்ல. கடைக்காரர் சொந்தமா? அது விஷயமில்ல. கடையில் யாராவது பெண் இருக்கிறாளா? வேன் முழுக்கச் சிரிப்பு... இல்ல.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் கேட்டேன், "ரெண்டு பேருக்கும் ஒத்தக் காலுதானா?"

"ஆமா" என்றார். ஒருத்தனுக்கு வலது கால், ஒருத்தனுக்கு இடது கால். ஒரே சைஸ். ஒரு ஜோடி போதும்.

யாரோ ஒருமுறை மொபைலில் தேடி விடையைச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் கோபப்படவில்லை. "அப்போ இனி நானே உண்டாக்கிக்கிடுதேன், கேட்டியா" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் அவர் சொந்தமாக யோசித்தவை. எந்த மொபைலிலும் கிடைக்காது.

ரெண்டு வருஷம் முன்னால், ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு வேன் கிடையாது. ஸ்கூட்டரில் வந்தார். கழக்கூட்டம் வரும் முன்பே, சர்வீஸ் ரோட்டில் விழுந்துவிட்டார். ஸ்ட்ரோக்.

வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, வார்த்தைதான் வரவில்லை என்றார் டாக்டர்.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனது நாலாவது நாள் மத்தியானம். கட்டிலில் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. இடது கையால் கம்பியைத் தட்டுகிறார், கதவைக் காட்டுகிறார், ஏதோ சத்தம் வருகிறது...

"அன்னைல இருந்து இப்படித்தான் சுஜா. தூக்கமே இல்ல. என்னமோ சொல்ல வாறாரு. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல" என்று மைனி அழுதார்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நான் கேக்கேன். ஆமான்னா ஒரு தடவ அமுக்குங்க. இல்லன்னா ரெண்டு தடவ."

வலிக்குதா? இல்லை. வீட்டு விஷயமா? இல்லை. ஆபீஸா? இல்லை.

ஏதாவது ஆளைப் பத்தியா?

ஒரு அழுத்து. என் விரல் வலித்தது.

எனக்குத் தெரிஞ்ச ஆளா? இல்லை. மைனிக்கு? இல்லை. "அண்ணனுக்காவது தெரியுமா?"

இல்லை.

அதோடு நின்றுவிட்டேன். அவருக்கே தெரியாத ஆள்... அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"ரோட்டுல பாத்த ஆளா?" ஆமா. "விழுந்த அன்னைக்கா?" ஆமா.

"அண்ணே... வண்டி யாரையாவது இடிச்சிட்டா?"

அமுக்கினார். பிறகு கையை விடவே இல்லை. கண்ணில் இருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. மைனி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கு எதிரே யாரோ இருந்த விஷயம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஆணா? இல்லை. வயசானவங்களா? ஆமா.

மறுநாள் காலையில் அண்ணன் விழுந்த இடத்தில் வேனை விட்டு இறங்கி விசாரித்தேன். ரோட்டோரம் சாப்பாடு போடும் தட்டுக்கடைக்காரர் தென்காசிப் பக்கம். "ஸ்கூட்டர்காரரா? ஆமா, நம்ம பகவதியம்மா மேலதான் வண்டி சாஞ்சுது. அந்தா நிக்காங்கள்லா" என்று காட்டினார்.

லாட்டரி டிக்கெட் பலகையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் கட்டு. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்தார்.

"அவரு இருக்காரா? ஆம்புலன்ஸ் வாறது வரைக்கும் என் மடியிலதான் தலைய வச்சிருந்தேன். பேரும் தெரியாது, எந்த ஆஸ்பத்திரின்னும் தெரியாது. யார்கிட்டம்மா நான் கேப்பேன்?"

பலகையைக் கடையில் வைத்துவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அண்ணன் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்க முயன்றார்.

"படுங்க அண்ணாச்சி, படுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. இங்க பாருங்க, நடக்கேன்" என்று பகவதியம்மா கட்டிலில் இருந்து ஜன்னல் வரை நடந்தார். கொஞ்சம் நொண்டிக்கொண்டு. திரும்பி வந்தார். மறுபடியும் ஒருமுறை போய் வந்தார்.

வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் விக்கி விக்கி அழுதார்... பிறகு தூங்கிவிட்டார். அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை என்று மைனி சொன்னார்.

அதன்பின் கரமனை வீட்டில்தான் இருந்தார். பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாராவது போவோம். பகவதியம்மாவும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தார். நேற்று இரண்டாவது ஸ்ட்ரோக்.

இன்று மூன்று மணிக்கு வீட்டில் ஜெபம். அதன் பிறகு எடுக்கிறார்கள்.

பகவதியம்மாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். "மழையா இருக்கு... நான் முன்னாடியே கிளம்பிடுதேன்" என்றார்.

போயிட்டு வாங்க அண்ணே.