பொறு அக்கா 'வாங்கு' என்று சொன்ன வீடு

பொறு அக்கா என்ற பெயரைச் சின்னவள் முதன்முதலில் கேட்டது அவள் கல்யாணமான ஆறாம் நாள், ஒரு பழைய துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு. சின்னவள் என்றால் அந்த வீட்டின் மூன்றாவது மருமகள், கடைக்குட்டியின் மனைவி. புருஷன் ஆசையாசையாக அதை யாரிடமோ வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தான். மாமியார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பொறு அக்காகிட்ட காட்டினியாடா?"

"இதுக்கெல்லாமா அவளைக் கூப்பிடுவாங்க?"

"அப்போ திருப்பிக் கொண்டுபோய் விடு."

யாரோ ஊர்ப் பெரியவர் போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் வந்து நின்றது கல்யாணத்தில் அவளுக்குப் பூ வைத்துவிட்ட பெரிய நாத்தனார்தான். அவர் மெஷினில் தண்ணீர் விடச் சொன்னார், நாலு போர்வையைப் போடச் சொன்னார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முழுசாக ஒரு மணி நேரம். தம்பி கொட்டாவி விட்டான். கடைசியில் பிழிகிற கட்டம் வந்ததும் மெஷின் உறுமிக்கொண்டு இடத்தைவிட்டுக் கிளம்பி, அலமாரி வரை நடந்து போய் நின்றது.

"துவைக்கச் சொன்னா இது வீட்டைச் சுத்திப் பாக்குதுடா தம்பி" என்றார் அக்கா. சின்னவள் புதுப்பெண் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். அன்றைக்கே அவர்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது.

அக்காவுக்குத் தொழில் கார் சீட் தைப்பது. மெயின் ரோட்டில் ஒரு ஷட்டர் கடை, மேலே அவர் குடியிருக்கும் ஒற்றை அறை. இருபத்தாறு வருஷமாக ஊரில் ஓடுகிற பாதி வண்டிகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர். ஒரு வண்டி எப்படி வாழ்ந்தது என்பது அவருக்கு சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏறி இறங்குகிற பக்கத்து ஓரத்தை விரலால் அமுக்குவார். "மீட்டர் முப்பதாயிரம்னு சொல்லுது. பஞ்சு ரெண்டு லட்சம்னு சொல்லுது. நான் பஞ்சைத்தான் நம்புவேன்" என்பார். சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை வெளியே இழுப்பார். யாரும் இழுக்காத அந்த அடிமுனையில் மண் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று அர்த்தம். வெளியே எத்தனை பூசி மெழுகினாலும் பெல்ட்டின் அடியை எவனும் கழுவுவதில்லை.

அதிகாலையில்தான் வண்டி பார்க்கப் போவார். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் போச்சு. "நான் வர்றதுக்கு முன்னாடியே ஏன் எழுப்பினீங்க? தூங்கி எழுந்திருக்கும்போது இருமுதா இல்லையான்னு பாக்கத்தானே வந்தேன்" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்துவிடுவார். விற்கிறவர் பின்னாலேயே ஓடி வருவார்.

சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, கடையில் தைக்கிற பெண்ணின் ஓரகத்தியுடைய அண்ணன் மகன், அவனுக்குப் பெண் கொடுத்தவரின் சகலை என்று உறவின் வால் எங்கே முடிகிறதோ அங்கிருந்தும் ஆள் வரும். எல்லோருக்கும் முதலில் ஒரே வார்த்தைதான்: பொறு. பேரும் அப்படித்தான் வந்தது.

பொறுக்காமல் போனதன் பலனை அவர் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். கல்யாணமான புதிதில் அவருடைய புருஷன், 'இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறார்' என்ற பேச்சை நம்பி, அக்கா பொறுக்கச் சொல்லியும் கேட்காமல், ஒரே சாயங்காலத்தில் ஒரு பழைய வேன் வாங்கினார். அது ஒரு வண்டியே இல்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் வேறொன்று, நடுவில் வெல்டிங். "பொருத்தம் பாக்காம ரெண்டுக்கும் கட்டி வச்சுட்டாங்க" என்று அக்கா இப்போது சிரித்துக்கொண்டு சொல்வார். பாலத்து இறக்கத்தில் அது இரண்டாகப் பிரிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இடுப்பு உடைந்த மனுஷன் ஒன்பது வருஷம் கட்டிலில் இருந்தார். அந்த ஒன்பது வருஷமும் அக்கா சீட் தைத்துத்தான் அவரைப் பார்த்துக்கொண்டார். அவர் கண் மூடுகிறவரைக்கும் ஒரு நாள்கூட 'நான் அப்பவே சொன்னேன்' என்று வாயைத் திறந்ததில்லை. இதை மாமியார் சொல்லித்தான் சின்னவளுக்குத் தெரியும்.

சின்னவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, மூத்தது நாலாம் வகுப்புக்குப் போன சமயம். மாமியாரோடு ஐந்து பேர், மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. மாமியாருக்கு முழங்கால் வலி. ஒருமுறை கீழே இறங்கினால் மறுபடி ஏற அரை மணி நேரம். அந்த வீட்டுக்காரரும் ஒருநாள் வந்து, மகனுக்குக் கல்யாணம் பேசியிருப்பதாகச் சொன்னார். ஒரு வருஷம் தவணை, அதற்குள் காலி செய்ய வேண்டும். அப்போதுதான் ஒரு மூலை வீடு கண்ணில் பட்டது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி விற்றார். பழைய வீடுதான். ஆனால் சமையலறையில் ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வளாகத்து மரம் முழுசாக உள்ளே வருகிற மாதிரி இருக்கும். சின்னவள் அதன் முன்னால் நின்றாள். மனசுக்குள் அங்கேயே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.

அக்கா வந்தார். பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துத் தரையில் வைத்தார். அது நாலு சாண் உருண்டு மூலையில் போய் முட்டியது. கதவுகளை அடைத்துத் திறந்தார். குளியலறைக் குழாயில் வாளி நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தார். பிறகு பின்னறையில் வந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"ஏங்க, மூணு சுவரு பழசு. இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் புதுச்சட்டை?"

"சும்மா அடிச்சோம்மா" என்றார் தபால்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு. அந்தக் கூச்சம்தான் அக்காவை உறுத்தியது.

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். இன்னொருத்தர் கேக்கறாராம்."

"இன்னொருத்தர் எப்பவும் இருப்பாரு. ஈரச் சுவரை மறைக்கத்தான் பெயின்ட் அடிச்சிருக்காங்க. பொறு. ஒரு மழை வரட்டும்."

அது வெயில் காலம். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. வெள்ளி வந்தது, போனது. வீட்டை மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார். சின்னவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு, நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. விட்டதும் கதவு தட்டுகிற சத்தம். அக்கா நின்றார். குடை கையில் இருந்தும் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை.

"மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். மழை பெய்யப் பெய்ய அந்தச் சுவத்துல கன்னத்தை வச்சுப் பாத்தேன். எலும்பாட்டம் காஞ்சு கிடக்குது. ஒரு சொட்டு இல்ல."

"அப்போ பெயின்ட்?"

"பேரப்பய சுவர் பூரா படம் வரைஞ்சிருக்கான். கதவுக்குப் பின்னாடி ஒரு துண்டு பூசாம விட்டிருக்காங்க. ஆறு காலு வச்ச யானை. அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வெக்கம்." அக்கா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "நான் சொன்னது தப்பு. உனக்கு வர வேண்டிய வீட்டை நான்தான் கெடுத்தேன்."

யாரும் அவரை அங்கே போய்ப் பார்க்கச் சொல்லவில்லை. பார்த்ததை வந்து சொல்லாவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. இதெல்லாம் சின்னவளுக்குப் பிற்பாடு தோன்றியது. அந்த நிமிஷம் தோன்றியது கோபம் மட்டும்தான்.

"உங்களுக்கென்ன அக்கா! வேண்டாம்னு சொல்றவங்களை எவனும் சட்டையைப் பிடிக்க மாட்டான். வாங்குன்னு சொன்னாத்தானே வம்பு? இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு வாங்குன்னு சொல்லியிருக்கீங்க? சொல்லுங்க!"

உள்ளேயிருந்து மாமியார், "அடியே, யாருகிட்ட என்ன பேசற?" என்று அதட்டினார். அக்கா கையைக் காட்டி அம்மாவை அடக்கினார். நிஜமாகவே யோசித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"காருன்னா ஏழெட்டு இருக்கும். வீடு..." மடக்கிய விரல்களை விரித்துக்கொண்டார். "வீடு ஒண்ணுகூட இல்லம்மா."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சின்னவள் அன்று சாப்பிடவில்லை. கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா கடையைச் சாத்திவிட்டுத் தெருத்தெருவாக நடக்க ஆரம்பித்தார். பால்காரரிடம் கேட்டார், தண்ணீர் லாரிக்காரரிடம் கேட்டார், குழாய் ரிப்பேர்காரரிடம் கேட்டார். குழாய்க்காரருக்கு எந்த வீட்டில் என்ன நோய் என்று டாக்டர் மாதிரி தெரியும். ஐந்து மாதம் இப்படியே போனது. செருப்பு ஒருமுறை அறுந்தது. சின்னவளிடம் எதையும் சொல்லவில்லை, ஒருநாள் வந்து "கிளம்பு" என்றார்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதைப் பார்த்ததும் சின்னவளுக்கு அழுகை முட்டியது. டயர் கிடங்காக இருந்த வீடு அது. சுவரெல்லாம் கரி, உள்ளே ரப்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. முன்வாசலில் ஒரு ஷட்டர். சமையலறை என்று காட்டிய இடத்தில் ஜன்னலே இல்லை.

"இதுவா அக்கா?"

"இதுதான். நாலு தடவை வந்து பாத்துட்டேன். காலையில ஒரு தடவை, உச்சி வெயில்ல ஒரு தடவை. கூரை மேல ஏறினேன். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட மழை நாள்ல செருப்பை எங்க கழட்டுவீங்கன்னு கேட்டேன். எப்பவும் விடற இடத்துலதான்னாங்க. தண்ணி நிக்கிற தெரு இல்ல. சுவரு முக்கால் முழம் கனம். கரியைச் சுண்ணாம்பு மறைக்கும், வாசனையைக் காத்து எடுத்துட்டுப் போகும். ஜன்னலை நாம வச்சுக்கலாம். படி ஏற வேண்டாம், அம்மா முழங்காலுக்கு நல்லது."

"மழை பாக்கலியே?"

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்த்துத்தான் இருந்தார் போல. தவணை முடிய இன்னும் மூன்று மாதம்தான். மழைக்காலமோ முடிந்துபோயிருந்தது. அக்கா கரி படிந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். 

"வாங்கு" என்றார். "ஒழுகினா நானும் வந்து உங்களோட நனையறேன்."

வாங்கினார்கள். வெள்ளையடித்தார்கள். ஷட்டரை எடுத்துவிட்டுக் கதவும், சமையலறைக்கு ஒரு ஜன்னலும் வைத்தார்கள். அக்கா தன் கடையில் மிச்சமிருந்த பச்சை ரெக்ஸினில் மாமியாருக்கு ஒரு சாய்வு நாற்காலி தைத்துக் கொடுத்தார். வாசனை மட்டும் மூன்று மாதம் போகவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் 'டயர்' என்று கூப்பிட்டார்கள். சின்னவள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

முதல் மழை ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிடித்தது. சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். முன்னறை, சரி. பின்னறை, சரி. அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். ஒரு கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொரு கையில் மாற்றுச் சேலை.

"எதுக்கு அக்கா இந்த மழையில?"

"சொல்லிட்டேன்ல."

சமையலறைக்குள் போன மாமியார் அங்கிருந்து குரல் கொடுத்தார். "இங்க வாங்கடி!" கூரைத் தகடு சுவரைத் தொடுகிற மூலையில் ஒரு சொட்டு திரண்டு, விழுந்தது. இன்னொன்று. அக்கா வாளியைக் கொண்டுபோய் வைத்தார், ஆனால் சற்றுத் தள்ளி. சொட்டு விழுகிற இடத்தில் தானே போய் நின்றுகொண்டார். தோள்பட்டையில் பொட்டுப் பொட்டாக ஈரம் பரவியது.

"என்ன அக்கா இது, சின்னப் பிள்ளையாட்டம்! தள்ளுங்க."

"இரு, எவ்வளவு வேகமா வருதுன்னு பாக்கறேன்" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சின்னவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள். இடம் போதாமல் இரண்டு பேரும் இடித்துக்கொண்டார்கள். மூத்தது ஓடிவந்து பார்த்துவிட்டு, "பாட்டி, ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள குளிக்கறாங்க!" என்று கத்தியது. மாமியார் நாற்காலியில் போய் விழுந்து சிரித்த சிரிப்பில் அது ஆடியது. வீடு முழுக்க ஒழுகியது அந்த ஒரு மூலைதான். மழை விட்ட மூன்றாம் நாள் கொத்தனாரோடு அக்காவும் ஏணியில் ஏறி, அதை அடைத்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குப் பிறகு பதினெட்டு மழைக்காலம் போய்விட்டது, ஒரு சொட்டு விழவில்லை.

அதிலிருந்து அக்காவின் பேச்சும் கொஞ்சம் மாறியது. பொறு என்று இப்போதும் சொல்வார். ஆனால் எத்தனை நாள், எதற்காக என்று சேர்த்துச் சொல்வார். நாள் முடிந்ததும் தானே வந்து, வாங்கு அல்லது விடு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னதில் இரண்டு தப்பாகவும் போயிருக்கிறது. ஒரு கார், ஒரு தையல் மெஷின். இரண்டு தடவையும் அவர்கள் வீட்டுக்கு அவரே போய், வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் அவரிடம் வருவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

பொறு அக்காவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. கடையை அவரிடம் வேலை பார்த்த இரண்டு பெண்கள் எடுத்து நடத்துகிறார்கள். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படி ஏற முடியாததால் கடைக்கு மேலிருந்த அறையை விட்டுவிட்டு, இரண்டாவது தம்பி மகளின் வீட்டில், கீழறையில் இருக்கிறார்.